விடுதலை! ஆனால் வெளியே போகாதே!

கோர்ட்டுப் படி ஏறியவர் எவருக்கும் 'வாய்தா' என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. கறுப்பு அங்கி எழும், "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்று குழையும், இன்னொரு கோர்ட்டில் அவசர வேலை என்று நெளியும். தேதி விழும். அன்றைய வாதம் அதோடு முற்றும்! வெளியே நிற்கிறான் கட்சிக்காரன். நம் கட்சிக்காரன் அல்ல, தோழர்களே, வக்கீலின் கட்சிக்காரன். நம்மவன் சந்தா கொடுப்பான், அவன் பீஸ் கொடுப்பான். அன்றைய கூலி போயிற்று, பஸ் சார்ஜ் போயிற்று, குமாஸ்தாவுக்கும் கொஞ்சம் போயிற்று.

அவனாவது வெளியே நிற்கிறான். உள்ளே கிடப்பவன் கதை என்ன? 2022-ஆம் ஆண்டுச் சர்க்கார் கணக்கைப் பார்த்தோம். இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள்! தண்டனை பெற்றவன் சிறுபான்மை, தண்டிக்கப்படாதவன் பெரும்பான்மை. சட்டம் எல்லோருக்கும் பொது. ஜாமீனும் பொது. ஜாமீனுக்குச் சொத்துள்ளவன் கையெழுத்து வேண்டும் என்பதும், பாருங்கள், ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவேதான்!

பீகாரில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிக காலம் விசாரணையின்றியே சிறையில் கிடந்தார்கள் சிலர். 1979-இல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி பகவதி அவர்கள் அது கண்டு கொதித்தார். விரைந்த விசாரணை அடிப்படை உரிமை என்றார்.

அதே பீகாரில் இன்னொரு கதை. முசாபர்பூரில் 1968 ஜூன் மாதம் ஒருவருக்கு நீதிபதி விடுதலை அளித்தார். விடுதலையானவர் எங்கே போனார்? சிறைக்கு! பதினான்கு ஆண்டு! ஏன் என்று கேட்டபோது, "அவருக்குப் புத்தி சரியில்லை" என்றது சர்க்கார். புத்தி சரியில்லாதவர் யார் என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. சர்க்கார் டாக்டரே 1977-இல் "தெளிவாயிருக்கிறார்" என்று எழுதிவிட்டார். கடிதம் சட்ட இலாகாவுக்குப் போயிற்று. போன கடிதம் உறங்கிற்று. கதவு திறந்தது 1982 அக்டோபரில்!

1983-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் தீர்ப்பளித்தார். ஏற்கெனவே கொடுத்த ஐயாயிரம் போக, இடைக்கால நிவாரணமாக இன்னும் முப்பதாயிரம் ரூபாய். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம்: இழந்த நாள் ஒன்றுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. வக்கீல் குமாஸ்தாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாய்தாவுக்குக் காணாது என்பார்!