கட்சிக்காரன் காதில் விழாத சட்டம்

சீர்காழி என்றதும் சம்பந்தப் பெருமான் உண்ட ஞானப்பாலை நினைப்பது தமிழர் வழக்கம். நினைக்கத் தக்கதே. ஆனால் அவ்வூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதை மற்றவர்களைவிட வக்கீல்களே அதிகமாக மறந்திருக்கிறார்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை, மாயூரத்துக்குப் போவதற்கு முன் சீர்காழியில் முன்சீப்பாக அமர்ந்து வழக்குக் கேட்டவர். 1826-ல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்து, ஜில்லாக் கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் உத்தியோகத்திலும், பிறகு மொழிபெயர்ப்பு உத்தியோகத்திலும் இருந்து, முன்சீப் பதவிக்கு உயர்ந்தவர். கோர்ட்டுக் காகிதம் எந்த பாஷையில் பேசுகிறது, கோர்ட்டுக்கு வரும் குடியானவன் எந்த பாஷையில் பேசுகிறான் என்பதை இரு பக்கமும் நின்று பார்த்த மனிதர் அவர்.

கும்பினி ஆட்சியில் மதராஸில் இருந்த மேல் அப்பீல் கோர்ட்டுக்கு சதர் அதாலத்து என்று பெயர். 1805 முதல் 1861 வரை அது அளித்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வேதநாயகம் பிள்ளை வெளியிட்டார். அதே வருஷத்தில்தான் சதர் அதாலத்து மறைந்து மதராஸ் ஹைகோர்ட்டு தோன்றிற்று. கவிதையும் கதையும் எழுதவல்ல ஒருவர் அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளை உட்கார்ந்து மொழிபெயர்த்ததைப் பாஷாபிமானம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது எல்லாக் கோர்ட்டுகளுக்கும் பொதுவான விதி. அவ்விதியை ஜனங்கள் தலைமேல் சுமத்துகிற ராஜ்யம், சட்டத்தை அவர்களுக்குத் தெரிகிற பாஷையில் சொல்லக் கடமைப்பட்டதா இல்லையா? ஸர்க்கார் சொல்லாததை ஒரு முன்சீப் சொல்ல முன்வந்தார்.

இதை வெறும் தமிழ்ப் பித்து என்று கருதும் நண்பர்கள், தாங்கள் போற்றும் இங்கிலாந்தின் சரித்திரத்தைப் பார்க்கட்டும். நார்மானியர் வென்ற பிறகு அந்நாட்டுக் கோர்ட்டுகளில் பிரெஞ்சு ஆட்சி செலுத்திற்று. தங்களுக்காகவும் தங்களுக்கு விரோதமாகவும் என்ன பேசப்படுகிறது என்று ஜனங்களுக்கு விளங்கவில்லை என்னும் காரணத்தைக் காட்டி, 1362-ல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் வழக்குகளை இங்கிலீஷில் வாதிக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! பழக்கத்தின் பிடி அப்படிப்பட்டது. கோர்ட்டு ஆவணங்களிலிருந்து லத்தீன் முற்றும் நீங்க 1730-களாயிற்று. இங்கிலாந்து அந்தச் சட்டம் செய்து சரியாக 500 வருஷம் கழித்துத்தான் 'சித்தாந்த சங்கிரகம்' வெளிவந்தது.

பாஷை மாறினால் நியாயமும் மாறுமா என்று கேட்கலாம். காவேரிப் படுகையின் நிலவழக்குகளை நடத்தியவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். வாரம் வேறு, குத்தகை வேறு. விளைந்ததில் பங்கு கொடுப்பது ஒன்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளப்பது மற்றொன்று. ஒத்தி, போக்கியம், மிராசு, பண்ணை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வயலில் ஒரு பொருள் இருக்கிறது. சாட்சி தமிழில் சொன்னதை இங்கிலீஷில் எழுதும்போது, எந்தச் சொல்லைப் போடுவது என்று தீர்மானிக்கும் அந்தக் கணத்திலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. சொன்னவனுக்கோ என்ன எழுதப்பட்டது என்பது தெரியாது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி மந்திரிசபை தஞ்சை ஜில்லாவுக்கென்று அவசரச் சட்டம் செய்து, பிறகு அதைச் சட்டமாக்கியது. குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பு அளிப்பது அதன் நோக்கம். ஒரு கிராமத்தில் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம் வரையில் உள்ளவர்களுக்கு அது விலக்கு அளித்தது. அந்த அளவு ஒரு வேலி நிலம் என்பது சீர்காழித் தாலுகாவில் ஏர் பிடித்த எவனுக்கும் தெரியும். வயலின் அளவு சட்டத்தில் ஏறும்போது வேஷம் மாறிற்று. அது கிடக்கட்டும். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு உண்டு, தினக்கூலிக்கு இல்லை. ஆகவே, பண்ணையாள் என்ற சொல்லுக்குள் வருகிறவன் யார் என்பதே அவன் பிழைப்பாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர், எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். மிராசுதாருக்குப் பக்கத்தில் வக்கீல் இருந்தார். சில வருஷங்களில் பண்ணையாட்களை விலக்கிக் கூலியாட்களாக வைத்துக்கொள்வது ஜில்லாவெங்கும் பரவி, சட்டம் காக்க வந்த உறவே பெரும்பாலும் இல்லாமற் போயிற்று. தமிழில் எழுதியிருந்தால் மட்டும் இது நேர்ந்திராது என்று நாம் சொல்லவில்லை. நிலத்தின் பலம் பாஷையைவிடப் பெரிது. ஆனால் தன் உரிமை எந்தச் சொல்லில் தொங்குகிறது என்பதே அறியாதவன் அதற்காக எப்படி வாதாட முடியும்?

பிராதின் அடியில் வாதி கையெழுத்திடும் வாசகத்தைக் கவனியுங்கள். மேற்கண்ட சங்கதிகள் தனக்குத் தெரிந்தவரையில் உண்மை என்று அவன் உறுதி கூறுகிறான். மேற்கண்டது இங்கிலீஷில் இருக்கிறது. அவனுக்கு அது எழுத்தா கோடா என்பதுகூடத் தெரியாது. தான் படிக்க முடியாத காகிதத்துக்குச் சத்தியம் செய்தவனை, பிறகு கூண்டில் ஏற்றி, பிராதில் இப்படிச் சொல்லியிருக்கிறாயே என்று குறுக்கு விசாரணை செய்கிறோம்.

ஸர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976-ல் அதைத் திருத்தி, கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழி செய்தார்கள்; விதிவிலக்குக்கும் வழி வைத்தார்கள். விதியைவிட விலக்கு நன்றாகப் பிழைத்தது. ஹைகோர்ட்டு விஷயமோ, அரசியல் சட்டத்தின் 348-வது ஷரத்தில் சிக்கியிருக்கிறது. அதே ஷரத்தின்படி ராஜஸ்தான் ஹைகோர்ட்டில் 1950-லும், உத்தரப் பிரதேசத்தில் 1969-லும், மத்தியப் பிரதேசத்தில் 1971-லும், பீகாரில் 1972-லும் ஹிந்திக்கு இடம் கிடைத்தது. தமிழுக்காக நமது சட்டசபை 2006-ல் தீர்மானம் போட்டது. சுப்ரீம் கோர்ட்டு இணங்கவில்லை என்று டில்லி பதில் சொல்லிற்று. வெளி ராஜ்யங்களிலிருந்து மாற்றலாகி வரும் ஹைகோர்ட்டு நீதிபதிகள் தமிழ் அறியார் என்ற ஆட்சேபம் பொய்யல்ல. அதற்குப் பரிகாரம் தேடத்தான் வேண்டும். ஆனால் ஹிந்திக்குக் கொடுத்த நான்கு இடங்களிலும் நீதிபதிகள் மாற்றலாகி வராமலா இருக்கிறார்கள்? 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்கே 'பாரதீய நியாய சன்ஹிதா' என்று பெயர். வக்கீல்களின் நாக்கே தடுக்குகிறது. கட்சிக்காரன் கதி என்ன?

மதராஸ் ஹைகோர்ட்டின் தடை சீர்காழி முன்சீப் கோர்ட்டுக்கு இல்லை. அங்கே வாதி தமிழர், பிரதிவாதி தமிழர், சாட்சி தமிழர், இரு தரப்பு வக்கீல்களும் தமிழர். இப்படி எல்லோரும் தமிழராயிருந்தும் இங்கிலீஷில் வாதாடும் கூத்தை வேதநாயகம் பிள்ளை 1879-ல் தமது கதையிலே வைத்துப் பரிகசித்தார். ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனால் மொழிபெயர்க்கவேண்டி வருமே என்பது வக்கீல்களின் சமாதானம். எத்தனை முன்சீப் கோர்ட்டு வழக்குகள் ஹைகோர்ட்டு வரையில் போகின்றன? போகிற சிலவற்றின் சௌகரியத்துக்காகப் போகாத அனைத்தையும் ஊமையாக்குவது என்ன நியாயம்?

ஒவ்வொரு தாலுகா வக்கீல் சங்கமும் இரண்டு காரியங்களை நாளைக்கே தொடங்கலாம். பிராதையும் எதிருரையையும் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்குமுன் கட்சிக்காரனுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டுவது ஒன்று. தீர்ப்பு இங்கிலீஷில் வந்தால், தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. இவற்றுக்கு டில்லியின் சம்மதமும் வேண்டாம், 348-வது ஷரத்தும் குறுக்கே நிற்காது. இதைத் தொடங்கும் முதல் சங்கம் சீர்காழிச் சங்கமாக இருக்கவேண்டுமென்று அவ்வூர் வக்கீல் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.