கவுண்டர்-ஸ்டிரைக்: தொடக்கநிலைப் பயிற்சி

கவுண்டர்-ஸ்டிரைக் என்பது ஐவர் கொண்ட இரண்டு அணிகள் கணினி வலையமைப்பின் வழியாக மோதும் சுடும் விளையாட்டு ஆகும். மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவரும் ஹாஃப்-லைஃப் என்னும் ஆட்டத்தை மாற்றியமைத்து 1999 இல் இதை உருவாக்கினர். வால்வ் நிறுவனம் 2000 இல் இதைத் தனி ஆட்டமாக வெளியிட்டது. 2003 இல் வந்த 1.6 பதிப்பு, மதுரை உள்ளிட்ட தமிழக நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடப்பட்டது. தற்போதைய பதிப்பான கவுண்டர்-ஸ்டிரைக் 2, 2023 செப்டம்பரில் வெளிவந்தது. இதைப் புதிதாகக் கற்போர் பெரும்பாலும் குறி பார்த்துச் சுடுவதையே பழகுகின்றனர். ஆனால் அவர்கள் தோற்பது பெரும்பாலும் பணத்தையும் பேச்சையும் கையாளத் தெரியாததனால் ஆகும்.

ஆட்ட முறை

ஓர் அணி ஏ, பி எனப்படும் இரண்டு இடங்களில் ஒன்றில் குண்டு வைக்க முயல்கிறது, மற்றது தடுக்கிறது. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 நொடி. வைத்த குண்டு 40 நொடியில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 10 நொடி ஆகும். 400 பணத்திற்குக் கருவி வாங்கியிருந்தால் 5 நொடி போதும். இறந்தவர் அச்சுற்று முடியும்வரை திரும்ப முடியாது. 12 சுற்றுகளுக்குப் பின் அணிகள் பக்கம் மாறுகின்றன. முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி வெற்றி பெறுகிறது.

பணம்

ஒவ்வொருவரும் 800 பணத்துடன் தொடங்குகின்றனர். வென்ற அணியில் ஒருவருக்கு 3250 அல்லது 3500 கிடைக்கிறது. தொடர்ந்து தோற்கும் அணிக்கான தொகை படிப்படியாக ஏறி 3400 இல் நிற்கிறது. தோற்பவர் அடியோடு ஒழிந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

தாக்கும் அணியின் ஏகே-47 துப்பாக்கி 2700. தலைக்கவசத்துடன் கூடிய கவசம் 1000. ஆக ஒருவர் முறையாக ஆயத்தமாக 3700 வேண்டும். ஐவரில் இருவரிடம் மட்டும் இத்தொகை இருக்கும்போது அவ்விருவரும் வாங்கி, மற்ற மூவர் கைத்துப்பாக்கியுடன் சென்றால், பெரும்பாலும் அந்தச் சுற்றும் போகும், அடுத்த சுற்றுக்கான பணமும் போகும். ஐவரும் ஒரு சுற்று சேமித்து அடுத்த சுற்றில் சேர்ந்து வாங்குவதே முறை. 6400 வைத்திருப்பவர் தமக்கு வாங்கியது போக இன்னொரு துப்பாக்கியை வாங்கித் தோழருக்குக் கீழே போடலாம். புதியவர் பலர் அதைக் கேட்கவே கூச்சப்படுகின்றனர், கூச்சம் தேவையில்லை.

தாக்கும் அணியினர் குண்டு வைக்காமல், நேரம் முடியும்வரை உயிரோடு ஒளிந்திருந்தால் அவர்களுக்கு அச்சுற்றுக்கான தோல்வித் தொகை கிடைக்காது. இவ்விதி தெரியாமல் அடுத்த சுற்றில் வெறுங்கையுடன் நிற்போர் மிகுதி.

அசைவும் குறியும்

ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா குறியில் படாது. வலப்புறம் நகர்கையில் இடப்புற விசையை ஒரு கணம் தட்டினால் உடல் உடனே நிற்கும். நின்ற கணத்தில் சுட வேண்டும். குறிப்புள்ளியை எப்போதும் தலை வரும் உயரத்தில் வைத்து நடத்தல் நல்லது. ஏகே-47 இன் ஒரே தோட்டா, தலையில் பட்டால், தலைக்கவசத்தையும் மீறிக் கொல்லும். தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி மேலேறிப் பின் பக்கவாட்டில் அலையும்; சுட்டியைக் கீழே இழுத்து அதை ஈடுசெய்யலாம்.

செய்தி சொல்லுதல்

டஸ்ட் 2 போன்ற களங்களில் ஒவ்வொரு மூலைக்கும் லாங், ஷார்ட், மிட் எனப் பெயர் உண்டு. "அங்கே ஒருவன்" என்பதால் பயனில்லை. "லாங்கில் இருவர், ஒருவனுக்குக் காயம்" என்பதே செய்தி. இறந்தவர் தாம் கண்டதைச் சொல்லிவிட்டு அமைதி காக்க வேண்டும்; ஏனெனில் உயிரோடிருப்பவர் காலடி ஓசையைக் கேட்டே ஆடுகிறார்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சடுகுடு ஆடியவருக்கு இது எளிதில் புரியும். பாடி வருபவரைத் தனியாகப் பாய்ந்து பிடிப்பவர் தாமே வெளியேறுவார். கைகோத்து நிற்போர் மடக்குவர். இங்கும் தனியே எட்டிப் பார்ப்பவர் வீணே சாகிறார். இருவராகச் சென்றால், ஒருவர் வீழ்ந்தாலும் வீழ்த்தியவரை மற்றவர் உடனே வீழ்த்தலாம்.

மதுரையிலிருந்து ஆடுதல்

வால்வின் வழங்கிகள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. மதுரைக்கும் சென்னைக்கும் சாலைத் தொலைவு ஏறக்குறைய 460 கி.மீ. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. செல்வதால், போய்வர 5 மில்லிநொடியே ஆக வேண்டும். உண்மையில் இதைவிடக் கூடுதலாக ஆவதற்குச் சுற்றுவழி இணைப்பும் வீட்டிலுள்ள வைஃபையும் காரணங்கள் ஆகும். கம்பி இணைப்பு தாமத ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். தாமதத்தால், மூலையில் காத்திருப்பவரைவிட எட்டிப் பார்ப்பவர் சற்று முன்னதாகக் காண்கிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மோசடியும் சூதும்

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவர் குறி பார்க்க உதவும் மோசடி மென்பொருளுடன் பிடிபட்டார். அவர் நீக்கப்பட்டார்; அணியும் கலைக்கப்பட்டது. உடன் ஆடிய நால்வரின் வாய்ப்பும் அதனுடன் போயிற்று.

ஆட்டத்தில் விற்கப்படும் துப்பாக்கி வண்ணங்கள் தோற்றத்தை மட்டுமே மாற்றுகின்றன. சாவி வாங்கிப் பெட்டி திறந்தால் எது வரும் என்பது தற்செயல். பயில்பவர் அதற்குச் செலவிடத் தேவையில்லை. இவ்வண்ணங்களைப் பந்தயமாக வைக்கும் தளங்கள் சூதாட்டத் தளங்களே. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இந்திய இணைய விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டை ஏற்று, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.