தங்கவயல் தண்ணீரும் 20 மில்லி ஆம்பியரும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்களை மூடினார்கள். பம்புகள் நின்ற பிறகு உள்ளே தண்ணீர் ஏறியது. அப்படி ஏறும் நீர் பழைய வெட்டுகளைச் சுற்றி நில அதிர்வை உண்டாக்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பது மேலே குடியிருப்பவர்களுக்கும் வேண்டிய கணக்குதான்.

அதை அளக்க ஷாஃப்ட்டுக்குள் ஓர் அழுத்த சென்சாரை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் நீர் உயரம் வரை அளக்கும். கேபிள் ஒரு கிலோமீட்டர். அளவை வோல்ட்டாக அனுப்பினால் நீளக் கம்பியும் துருப்பிடித்த இணைப்பும் அதில் கைவைத்துவிடும். மின்னோட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே சுற்றில் கீழே ஓடுவதுதான் மேலேயும் ஓடும். ஆலைகளில் 4–20 மில்லி ஆம்பியர் வழக்கமானது இதனால்தான். நீரே இல்லாவிட்டால் 4, உச்சத்தில் 20. பூஜ்யம் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

மேலே உள்ள டேட்டா லாகருக்கோ பெரும்பாலும் வோல்ட் மட்டுமே புரியும். 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்னோட்டத்தை விட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும். லாகர் 12 பிட், வீச்சு −10 முதல் +10 வோல்ட் என்றால், 4096 படிகளில் 819-தான் நமக்குப் பயன்படும்; படிக்கு 37 சென்டிமீட்டர் நீர். வீச்சை 0–5 ஆக்கினால் 9 சென்டிமீட்டர்.

வீச்சை மாற்ற முடியாத லாகரில் 500 ஓம் போடலாமே? போடலாம். ஆனால் 20 மில்லி ஆம்பியரில் ரெசிஸ்டருக்கே 10 வோல்ட் போய்விடும். சென்சாருக்குக் குறைந்தது 12 வேண்டும், கேபிளுக்கு முக்கால் வோல்ட். 24 வோல்ட் சப்ளை 22-க்கு இறங்கினால், நீர் குறைவாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏறுகிறபோது மட்டும் அளவு ஏறக்குறைய 275 மீட்டரில் நின்றுவிடும். கவனம் தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிற கோளாறு இது.

0–5 வீச்சிலும் ஒரு பொறி உண்டு. பழுதானால் 21 மில்லி ஆம்பியருக்கு மேல் தள்ளுகிற சென்சார்கள் இருக்கின்றன. 250 ஓமில் அது 5.25 வோல்ட், லாகர் 5-லேயே முட்டி நின்று, பழுதை ‘நீர் நிறைவு’ என்று காட்டும். நானாக இருந்தால் 220 ஓம் போடுவேன். படி 10 சென்டிமீட்டர் ஆகும், ஆகட்டும். பழுது தனியாகத் தெரியும். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 5 சதவீத ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம், அது உச்சத்தில் 19 மீட்டர்வரை தவறாகக் காட்டக்கூடும். 0.1 சதவீத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.