கழுத்து வலிக்கிற கேமரா எதுக்கு? பாக்கெட் கேமராவே போதும்... ஆனா இதைப் பார்த்து வாங்குங்க!

போனஸ் பணம், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 'நல்ல கேமரா ஒண்ணு வாங்கிப் போடலாம்' என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பிள்ளைகளின் ஆண்டு விழா, குலதெய்வம் கோவில் கொடை, மச்சினி கல்யாணம் என எல்லாத்தையும் செல்போனில் எடுத்து சலித்துப் போனவர்கள். கடைக்குப் போனால் கை நேராக டி.எஸ்.எல்.ஆர். பக்கம்தான் போகும். கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்குமே, அந்த ரகம்!

ஆறு மாசத்தில் அது பீரோ மேல் ஏறிவிடும். காரணம், கனம். கேனான் 1500டி மாதிரி ஆரம்ப மாடலே லென்சோடு சேர்த்து கிட்டத்தட்ட 700 கிராம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை என்று பஸ் ஏறுகிறவருக்கு அது சரிப்படாது. போதாக்குறைக்கு கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடலே விடவில்லை.

சின்ன கேமரா, பெரிய வேலை

2012-ல் சோனி கம்பெனி ஆர்.எக்ஸ்.100 என்று ஒரு கேமராவை விட்டது. எடை 240 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கலாம். படத்தைப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். கேனானின் ஜி7எக்ஸ் வரிசை 2014-ல் போட்டிக்கு வந்தது.

இத்தனூண்டு கேமரா எப்படி பெரிய கேமராவுக்கு ஈடு கொடுக்கும்? கணக்கு இதுதான். படம் பதிவாகிற சில்லுக்குப் பேர் சென்சார். அது பெரிசா இருந்தால் வெளிச்சம் அதிகம் விழும், படம் சுத்தமா வரும். இந்த ரக சின்ன கேமராவில் சென்சார், 1500டி-யில் இருப்பதில் மூணில் ஒரு பங்கு பரப்புதான். ஆனா லென்ஸ் வாய் பெரிசு. ஜி7எக்ஸ் மார்க் 3 (2019) லென்சில் 'எப் 1.8' என்று போட்டிருக்கும். டி.எஸ்.எல்.ஆரோடு பெட்டியில் வருகிற லென்சில் 'எப் 3.5'. இந்த நம்பர் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எப் 1.8, கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் விடும். அங்கே போனது இங்கே வந்துடுச்சு. மண்டபத்து மங்கல் லைட்டில் ரெண்டும் சரிக்குச் சரி!

ஆக, பெட்டியில் வந்த லென்சை கடைசி வரைக்கும் கழட்டவே போவதில்லை என்றால், டி.எஸ்.எல்.ஆருக்குக் கொடுக்கிற காசு சும்மா கழுத்துல சுமக்கத்தான். பலர் கழட்டுவதே இல்லை.

'64 மெகா பிக்சல்ணே...'

ஏமாறுவது இங்கேதான். ஆன்லைனில் ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு '48 மெகா பிக்சல்', '64 மெகா பிக்சல்' என்று பேர் தெரியாத கம்பெனி கேமராக்கள் வரும். நிறைய மாடல்களில் உள்ளே இருப்பது குட்டி சென்சார். எடுத்த படத்தை ரப்பர் மாதிரி இழுத்துப் பெரிசாக்கி 64 என்று கணக்கு காட்டும். உங்க போனே அதைவிட நல்லா எடுக்கும். மெகா பிக்சலைக் கேட்காதீங்க, சென்சார் சைஸைக் கேளுங்க.

'1/2.3 இன்ச்' என்று போட்டிருந்தால் பகலில் தூரத்தை ஜூம் பண்ணிப் பார்க்க ஆகும், ராத்திரிக்கு உதவாது. '1 இன்ச்' என்றால் அதைப்போல நாலு மடங்கு பரப்பு. ஒரு வேடிக்கை, 1 இன்ச் சென்சார் நிஜத்தில் 1 இன்ச் கிடையாது. 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர்தான். அந்தக் காலத்து வீடியோ கேமரா டியூப் கணக்கு இன்னமும் பேரில் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஜூமிலும் 'ஆப்டிக்கல்' எவ்வளவு என்று மட்டும் பாருங்க. 'டிஜிட்டல் ஜூம்' வெறும் இழுவை.

டி.எஸ்.எல்.ஆர். சைஸ் சென்சாரே சின்ன கேமராவிலும் உண்டு. ரிக்கோ ஜி.ஆர்.3 (2019), பியூஜி எக்ஸ்100 சிக்ஸ் (2024). படம் அள்ளும். ஆனா ஜூம் கிடையாது, நீங்கதான் நடந்து கிட்டே போகணும். பியூஜி விலையோ லட்சத்தைத் தாண்டும். நம்ம வீட்டு விசேஷத்துக்கு அது தேவையில்லை. 1 இன்ச் ரகமே புதுசு அரை லட்சத்துக்கு மேல் ஆகிறது, இ.எம்.ஐ. போடும் முன் யோசிங்க.

யாருக்கு சரிப்படாது?

போட்டோ எடுத்துப் பிழைக்கிறவர், ஊர் கபடி மேட்ச் எடுக்கிறவர், பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று வேணும் என்பவர், இவங்க லென்ஸ் மாத்துகிற கேமராவுக்கே போகலாம். ஜி7எக்ஸ் ஓடுகிற ஆளை போகஸ் பிடிக்கத் தடுமாறும். ஆர்.எக்ஸ்.100-ல் 2016-ல் வந்த அஞ்சாவது மாடலிலிருந்து இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. ஜி7எக்ஸில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டையும் கிடையாது. மெரினாவில் மத்தியானம் 12 மணிக்கு ஸ்கிரீனில் உங்க முகம்தான் தெரியும்!

பேட்டரியும் சின்னது. ஒரு சார்ஜில் ஜி7எக்ஸ் மார்க் 3-க்கு கம்பெனி சொல்வதே 235 படம். 1500டி-க்கு 500. இன்னொரு பேட்டரி விலையையும் இப்பவே சேர்த்துக்குங்க.

செகண்ட் ஹேண்டா? உஷார்!

பழைய ஆர்.எக்ஸ்.100 பாதி விலைக்குக் கிடைத்தால் லாபம்தான், சோதித்து வாங்கணும். லென்ஸ் உள்ளே வெளியே போய் வரும்போது தூசியையும் இழுத்துக்கும். லென்ஸ் கழட்ட முடியாத கேமரா என்பதால் சென்சாரில் உட்கார்ந்த தூசியை வீட்டில் துடைக்க முடியாது, சர்வீஸ் சென்டரில் பிரிக்கணும். அதனால் கடையிலேயே எப் நம்பரை 8, 11 என்று ஏத்தி வெள்ளைப் பேப்பரை ஒரு படம் எடுங்க. கறுப்புப் புள்ளி தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வந்துடுங்க. லென்ஸ் நீளும்போது 'கர்ர்' என்று சத்தம் வந்தாலும் அதே கதைதான்.

போகும்போது உங்க மெமரி கார்டையே எடுத்துட்டுப் போங்க. கடையில் லைட் கம்மியான மூலையில், கூட வந்தவரை நிற்க வைத்து நாலு படம். கேமராவின் சின்ன ஸ்கிரீனில் எல்லாமே அழகாத்தான் தெரியும். வீட்டு கம்ப்யூட்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ பெரிசாக்கிப் பார்த்துட்டு மறுநாள் போய் பணம் கட்டுங்க. பில்லில் கேமரா அடியில் இருக்கிற சீரியல் நம்பர் எழுதியிருக்கா என்றும் பார்த்துக்குங்க. நம்பர் இல்லாத பில்லை நம்பி வாரண்டி கேட்டால் பதில் வராது.