படிக்காசும் கோடை வகுப்பும்

கோடை விடுமுறையில் திருக்கோயில்களில் சிறுவர்க்குத் திருமுறையும் நல்லொழுக்கமும் கற்பிக்கின்றோம். கட்டணம் பெறுவதில்லை, ஆயினும் ஏழைக் குழந்தைகள் சிலரே வருகின்றனர். காரணம் யாதென ஒரு தாயை வினவினோம். “பள்ளிக்கூடத்திலே சத்துணவு உண்டு, சாமி, லீவு நாளில் என்னோடு வேலைக்கு வந்தால்தான் பிள்ளைக்குச் சோறு” என்றார். நாம் நாணினோம்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது அப்பரடிகளும் ஞானசம்பந்தப் பெருமானும் இறைவன்பால் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தமையைப் பெரியபுராணம் உரைக்கின்றது. பதிகம் பாடியருளிய அப்பெருமக்கள் பிறர் பசியையும் தம் பொறுப்பாகவே கொண்டனர்.

ஆதலின் வகுப்பைத் தொடங்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஒரு குழந்தையின் நண்பகல் உணவையும் பேருந்துச் செலவையும் ஓர் அன்பர் ஏற்பாராயின், அஃது அடியார்க்கு அமுதிட்டதேயாகும். கொடுத்தவர் இன்னார் என்பதைக் குழந்தை அறிய வேண்டுவதில்லை. எல்லாக் குழந்தைகளும் ஒரே பந்தியில் அமர்க.

திருச்சிற்றம்பலம்.