அன்னையின் உள்ளமும் மழலையின் உணவும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி கூறுவர். அழுகுரல் கேட்டதும் ஓடிவரத் தாய் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி இது. தாய் அருகிலேயே இருந்தும், எழுந்து வர அவள் உள்ளத்தில் தெம்பில்லை என்றால் குழந்தையின் கதி என்ன? மனையியல் வகுப்பில் ஊட்டக்குறைவைப் பற்றிப் படித்தபோது எங்களுள் எழுந்த கேள்வி இது. விடை தேடியதில் நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

குழந்தைக்குப் புரதம் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும் என்று பாடநூல் கூறுகிறது. ஆனால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு உணவூட்ட எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைத் தம்பி தங்கையருடன் வளர்ந்த மாணவியரே அறிவர். வயிறோ சிறியது, ஒரே வேளையில் அதிகம் கொள்ளாது. பருப்புச் சோற்றைக் குழைத்து, துளி நெய்யோ எண்ணெயோ விட்டு, நாளில் பலமுறை கொடுக்க வேண்டும். குழந்தை துப்பும், முகத்தைத் திருப்பும், கிண்ணத்தைத் தட்டிவிடும். காக்கையையும் நிலாவையும் காட்டி மறுபடி ஊட்ட வேண்டும்.

மனச்சோர்வு நோய்க்கு ஆளான தாயிடம் முதலில் வற்றிவிடுவது இந்தப் பொறுமைதான். அவளுக்குத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பற்றில்லை. "நான் நல்ல தாயல்ல" என்ற எண்ணம் மட்டும் ஓயாமல் அரிக்கிறது. தாய்ப்பால் விரைவில் நின்றுவிடக்கூடும். தடுப்பூசி நாள் தவறிப்போகும். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும் தாமதமாகும். பிள்ளை மெலிகிறது. மெலிந்த பிள்ளையைப் பார்த்துத் தாய் இன்னும் வாடுகிறாள்.

பிரசவமான சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் இயல்பே. பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அது தானாகத் தெளிந்துவிடும். தெளியாமல் நீடித்தால் அது நோய். நம் ஊர்களிலோ அதற்கு வேறு பெயர்கள் உண்டு: சோம்பல், திமிர், காற்றுக் கருப்பு. (முதல் இரண்டுமே கொடியவை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பேய் பிடித்தது என்றாலாவது நாலு பேர் கூட இருப்பார்கள்!)

வேலூர் மாவட்டக் கிராமப்புறத் தாய்மாரிடையே நடந்த ஆய்வு ஒன்று 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரசவத்திற்குப் பின் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டிருந்தது. குறைந்த வருமானம், மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, கைவேலைக்கு உதவ ஆளில்லாமை ஆகியவை காரணங்களாகக் காணப்பட்டன. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததும் ஒரு காரணம். பெண்கள் பள்ளியில் பயிலும் எங்களுக்கு இதைப் படித்ததும் மனம் கனத்தது. அதே மாவட்டத்தில், மெலிந்த கைக்குழந்தைகள் 72 பேரையும் நல்ல எடையுள்ள 72 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. மெலிந்த குழந்தைகளின் தாய்மாரிடையே மனச்சோர்வு மிகுந்திருந்தது.

"கிராமத்தில் மனநல மருத்துவருக்கு எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் டாக்டர் ஆதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணிப்பெண்கள் உண்டு. பெரும்பாலும் பள்ளிப்படிப்பு மட்டும் முடித்தவர்கள். அவர்களுக்கே பயிற்சி தந்தனர். பேறுகாலத்தின் கடைசி மாதம் தொடங்கி, குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயதாகும் வரை 16 முறை தாயைச் சந்தித்துப் பேசுவது ஏற்பாடு. "உனக்கு மனநோய்" என்று சொல்லிக்கொண்டு அவர்கள் போகவில்லை. "பிள்ளை நன்றாக வளரவேண்டும், அதற்குத் தாயும் நன்றாக இருக்க வேண்டும்" என்றே சென்றனர். பிள்ளையின் நன்மை என்றால் எந்த மாமியார் கதவை அடைப்பாள்? எல்லாம் தலைவிதி என்ற எண்ணம் எழும்போது அதை அடையாளம் காணவும், செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றைத் தொடங்கவும் படங்களைக் காட்டிப் பழக்கினர்.

மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகள் பங்குகொண்ட இச்சோதனையின் முடிவு 2008-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இவ்வுதவி பெற்றோரில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான சந்திப்பு மட்டும் பெற்றோரில் 53 பேருக்கு இருந்தது. உதவி பெற்ற வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசிகள் முழுமையாயின, தந்தையரும் பிள்ளையுடன் அதிகம் விளையாடினர். ஆனால் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை நாம் மறைக்கக் கூடாது. உள்ளம் தேறிய தாய்க்கும் பானையில் அரிசி வேண்டும். குடத்தில் சுத்தமான நீர் வேண்டும். எனினும் இம்முறையின் பயனை உணர்ந்த உலகச் சுகாதார நிறுவனம், 2015-இல் இதைக் கையேடாக வெளியிட்டது.

நமக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை பெற்ற அக்காவோ அண்ணியோ வீட்டிலிருந்தால், பள்ளி விட்டதும் குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று சொல்லலாம். தண்ணீர் எடுத்து வைக்கலாம். குழந்தைத் துணிகளைத் துவைத்துப் போடலாம். குழந்தையைப் பார்க்க வருவோர் அதன் எடையை மட்டும் கேட்காமல், "நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று தாயையும் கேட்கட்டும். வாட்டம் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். உயிரை வெறுத்து ஒரு சொல் சொன்னாலோ இரண்டு வாரம் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.