கப்பிக் கோபுரமும் துருவும்

நிலக்கரிச் சுரங்கமொன்றை மூடினால் எஞ்சுவது குழியும் அதன்மேல் நிற்கும் இரும்புக் கோபுரமுமே. அதைப் பாதுகாப்பதென்றால் வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பது என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். ஜேர்மனியின் எஸன் நகரிலுள்ள ஸொல்ஃபெராயின் சுரங்கத்தின் அனுபவம் வேறு.

அதன் 12ஆம் சுரங்கவாய் 1932இல் இயங்கத் தொடங்கி 1986 டிசெம்பரில் மூடப்பட்டது. கோபுரத்தின் உயரம் 55 மீற்றர். உச்சியிலே கப்பிகள். கயிறுகள் இரு புறமும் இழுப்பதால் இரு புறமும் சாய்கால்கள் முட்டுக் கொடுக்கின்றன. கிணற்றில் கப்பி போட்டுத் தண்ணீர் அள்ளிய எமக்கு இது புதிதல்ல. மூடிய ஆண்டிலேயே மாநில அரசு நிலத்தை வாங்கிவிட்டது. இதுவே முக்கியம், தாமதித்திருந்தால் பழைய இரும்பு வியாபாரி முந்தியிருப்பான். 2001இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஆனால் வாங்கியதோடு வேலை முடியவில்லை. அங்குள்ள கட்டடங்கள் உருக்குச் சட்டங்களுக்கிடையே மெல்லிய செங்கற்சுவர் எழுப்பிக் கட்டியவை. இடுக்கில் மழைநீர் இறங்க, உருக்குத் துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது வீங்கிச் செங்கல்லைப் பிளக்கும். விரிவுரை மண்டபத்தை விட்டு இயந்திரங்களோடு மாரடிக்கும் எனக்கு, இத்துரு நன்கு பழக்கமான எதிரி. நிலத்தடியிலோ நீர். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் நிரம்பிவிடும். யோர்க்ஷயரில் 1985இல் மூடிய கேப்ஹவுஸ் சுரங்கம் 1988இல் நிலத்தடியையும் காட்டும் அருங்காட்சியகமாகத் திறந்தது. நீர் இறைக்காமல் அது நடக்காது. ஆகவே இது என்றும் தீராத செலவு.

அச்செலவை ஏற்க எவரும் இல்லாவிடின் என்ன நடக்கும்? செவன் கிங்ஸிலிருந்து அடுத்த ரயில் நிலையம் இல்ஃபோர்ட். அங்கே புகைப்படச் சுருள் செய்த ஆலையின் இடத்தில் இன்று பேரங்காடி. ஊரின் பெயர் படச்சுருள் பெட்டியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எமது காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1990இல் போர் அதை நிறுத்தியது. அங்கு நினைவகம் வேண்டுமெனப் பேசுவோர் முதலிற் கேட்க வேண்டியவை வேறு: என்னென்ன மிஞ்சியுள்ளன? யார் பொறுப்பு? சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளை யார் பராமரிப்பது? குடாநாட்டின் கிணற்று நீர் அந்தச் சுண்ணாம்புக்கல்லிலேயே தேங்குகிறது என்பதையும் மறக்கலாகாது. பட்டியலெடுக்கும் வேலையை அங்கு உழைத்தவர்களைக் கொண்டே தொடங்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே போனது, எந்தச் சூளை எப்போது பழுதானது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அவர்களுள் மிக இளையவருக்கும் இப்போது ஐம்பது கடந்துவிட்டது.